விடுகிற மூச்சு

சேலம்
20.8.2023

அன்புள்ள அண்ணனுக்குச் செவ்வந்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாமியாரும் சுகம். நீயும் அண்ணியும் வினோத்தும் சுகமாக இருப்பதாக நினைத்துத்தான் தொடங்குகிறேன். இல்லையென்றால் உள்ளதை எழுது.

உன் போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். வினோத்தைக் கேட்டால், "நைனா போன் ஏரியில வுழுந்துட்சி அத்தை" என்கிறான். பிறந்ததிலிருந்து படகில் நிற்கிறவன் கையிலிருந்து போன் நழுவிவிட்டதாம். சரி, நம்பினேன். வினோத் போனிலாவது பேசலாம் என்றால், நான் கூப்பிடுகிற நேரமெல்லாம் நீ வலை உலர்த்தப் போயிருக்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆடித் திருவிழாவுக்கு வந்தபோது பார்த்தேன். படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாய். நின்ற இடத்திலெல்லாம் வானத்தைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்குச் சொன்னாய். நான் நெஞ்சு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா, அண்ணா. காற்றுப் பார்க்க நிற்கிறவன் யார், மூச்சு வாங்க நிற்கிறவன் யார் என்று எனக்கா தெரியாது? டாக்டர் உனக்குச் சொன்னதையும் அண்ணி எனக்குச் சொல்லிவிட்டாள். பீடியும் நீ வேலைக்குப் போன செங்கல் சூளைப் புகையும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன, போனது திரும்பாது என்றாராம்.

எங்கள் வார்டில் இந்த நோய்க்காரர்களுக்குத் தினமும் காலையில் யோகா சொல்லித்தருகிறார்கள். டீச்சர் பெயர் கிறிஸ்டினா. சிரிக்காதே. ஞானதாஸ் என்று ஒரு பெரியவர் இருக்கிறார், ரிட்டையர் ஆன லாரி டிரைவர். கக்கூசுக்குக்கூட நாற்காலியில் தள்ளிக்கொண்டு போன ஆள், இப்போது வராந்தாவின் கோடி வரை நடந்துபோய் டீ வாங்கி வருகிறார். எனக்கும் ஒரு டம்ளர். நீ சரி என்றால் அதையெல்லாம் கேட்டு உனக்கு எழுதுகிறேன்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
செவ்வந்தி

•

வடக்குமேடு, பழவேற்காடு
11.9.2023

அன்புத் தங்கச்சி செவ்வந்திக்கு அண்ணன் செங்கல்வராயன் எழுதியது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் மாமியார் இடுப்பு இப்போது தேவலையா?

போன் ஏரியில் விழுந்தது நிஜம். இறால் அதை எடுத்துப் பேசுகிறதோ என்னவோ, நீ அடித்துப் பார். உனக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து நடக்கிறவன், நிற்கிறவன் எல்லோரும் நோயாளியாகத்தான் தெரிகிறார்கள். நான் காற்றைத்தான் பார்த்தேன். காற்றைப் பார்க்காமல் ஏரிக்காரன் எதைப் பார்ப்பான்?

இருந்தாலும் உன் யோகாவை எழுது. காரணம் உனக்கே தெரியும். தை பிறந்தால் ஏரியில் வலை கட்டப் பாடு பிரிப்பார்கள். நம் வினோத்துக்குச் சுண்ணாம்புக்குளத்தில் சுதாவைப் பேசி முடித்தாயிற்று. ஆனால் அவள் தகப்பன் செத்து வருஷம் திரும்பவில்லை என்று கல்யாணத்தை வைகாசியில் வைத்திருக்கிறார்கள். அதுவரை என் பெயர் நிற்க வேண்டும். கருப்பன் மகனுக்குப் போன மாசம் கல்யாணம் ஆகிவிட்டது. இடம் எப்போது காலியாகும் என்று கருப்பன் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த லாரிக்கார ஞானதாஸைக் கேட்டதாகச் சொல். டீ நடந்துபோய் வாங்குகிற ஆளைப் பற்றிப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்காதே.

இப்படிக்கு உன் அண்ணன்,
செங்கல்வராயன்

•

சேலம்
24.9.2023

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே அனைவரும் நலம். மாமியார் படுக்கையில்தான், வாய் மட்டும் எழுந்து நடக்கிறது.

கிறிஸ்டினா டீச்சரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பாடு என்றால் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் ஏரி யாருக்கும் சொந்தமில்லை டீச்சர், எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும், அதுதான் பாடு என்றேன். கல்யாணம் ஆனவனுக்குத்தான் பெயர் உண்டு, அப்பன் பெயர் நின்றால்தான் கல்யாணத்துக்குப் பிறகு மகனுக்கு மாறும். பெயர் உள்ளவன் வருஷத்தின் முதல் வலைக்கம்பைத் தன் கையாலேயே நட வேண்டும். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, ஒரே முழுக்கில் போய், கம்பின் அடியில் சேற்றை அணைத்துவிட்டு வர வேண்டும். நடுவில் மேலே வந்தால் அவன் முறை அடுத்தவனுக்கு. டீச்சர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க அண்ணன வேற வழி பாக்கச் சொல்லுங்க" என்றார். நீ பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் பாடத்தை எழுதுகிறேன்.

பலகையில் முதுகு நிமிர்த்தி உட்கார். தோளைத் தொங்கவிடு. மூக்கால் மெதுவாக இழு. வாயைக் குவித்து, அண்ணி ஊதாங்குழலில் அடுப்பு ஊதுகிற மாதிரி விடு. இழுத்ததைப் போல இரண்டு பங்கு நேரம் விட வேண்டும். கையைத் தூக்கும்போது இழு, இறக்கும்போது விடு. கடைசியில் வாயை மூடிக்கொண்டு "ம்" என்று ரீங்காரம் விட்டபடியே மூச்சை விடு. மற்றவர்கள் ஓம் என்பார்கள். ஞானதாஸ் ஐயா ஆமென் என்று இழுப்பார். டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை, மூச்சு நீளமாகப் போனால் சரி என்பார்.

இது நோயைத் தீர்க்காதாம். இருக்கிற மூச்சைச் சிந்தாமல் வைத்துக்கொள்ளச் சொல்லித்தருமாம். இன்ஹேலரை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
செவ்வந்தி

•

வடக்குமேடு
2.11.2023

அன்புத் தங்கச்சிக்கு, நலம், நலமறிய ஆவல். பதில் தாமதம். மழை பிடித்துக்கொண்டது, திருப்பாலைவனம் போய்த் தபாலில் சேர்க்க ஆளில்லை.

உன் பாடத்தைத் தினமும் செய்கிறேன். வினோத் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாத்தியார் மாதிரி வாசிக்கிறான். உன் அண்ணி ஊதாங்குழலைக் கொண்டுவந்து என் வாயிலேயே வைத்துவிட்டாள். அவளுக்கு இத்தனை வருஷமாக என் வாயை அடைக்க ஒரு சாமான் கிடைக்கவில்லை என்ற குறை இருந்தது. நெஞ்சு கொஞ்சம் இளகியிருக்கிறது. துறையிலிருந்து ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறேன்.

ஆனால் உன் டீச்சருக்கு ஏரி தெரியாது. எப்போது பார்த்தாலும் விடு விடு என்கிறார். மூச்சை விட்டவன் மேலே வந்துவிடுவான், பிடித்தவன்தான் கம்பு நடுவான். நம்மைச் சின்ன வயசில் நைனா தண்ணீரில் அமுக்கி அதைத்தானே பழக்கினார்? அதனால் நம் ஊர் முறையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். நீ சொன்னபடி நன்றாக இழுத்து, கம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்து, முடிகிறவரை அடக்கி வைக்கிறேன். நாளுக்கு நாள் கூடுகிறது. ஞானதாஸ் ஐயாவிடம் சொல், தைக்குள் நான் அவரை ஜெயித்துவிடுவேன். அவர் இப்போது எதுவரை நடக்கிறார்?

அன்புடன் அண்ணன்,
செங்கல்வராயன்

•

சேலம்
8.11.2023

அண்ணா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உடனே நிறுத்து. மூச்சை அடக்காதே. தண்ணீருக்குள் உட்காராதே.

இங்கே வார்டில் யாருக்கும் மூச்சைப் பிடித்து வைக்கத் தோன்றாது. கிடைக்காதவனுக்கு எப்படித் தோன்றும்? அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. உன் கடிதத்தை டீச்சரிடம் காட்டினேன். படித்ததுமே, இன்றைக்கே நிறுத்தச் சொல்லி எழுதுங்கள் என்றார்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உன் நெஞ்சு பறி மாதிரி ஆகிவிட்டது. நாம் மீனுக்கு வைக்கிற அதே பறிதான். உள்ளே போக வாய் இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. பழைய காற்று உள்ளேயே கிடக்கிறது. நீ அடக்க அடக்க அது இன்னும் அடைகிறது, புதுக் காற்றுக்கு இடமில்லை. அதோடு கழுத்தளவுத் தண்ணீர் வெளியிலிருந்து நெஞ்சை அமுக்கும். உனக்குக் கூடுகிறது என்று தோன்றுவது பலம் இல்லை, பிடிவாதம். அது உனக்குப் பிறவியிலேயே உண்டு.

ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிடு. எனக்கு முடியவில்லை, வைகாசி வரை பொறுங்கள் என்று சொல். கருப்பன் ஒன்றும் பிசாசு இல்லை. நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

செவ்வந்தி

•

வடக்குமேடு
19.12.2023

அன்புத் தங்கச்சிக்கு, புயலுக்குப் பிறகு எல்லோரும் உயிரோடு சுகம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து போனது. உன் கடிதங்களை அண்ணி பரணில் போட்டு வைத்ததால் தப்பின. நீ பயந்துபோய் வினோத்துக்கு அடித்தாயாம். நான் அப்போது படகைத் தேடிப் போயிருந்தேன்.

விறகெல்லாம் ஈரம். அடுப்புப் புகை வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கொஞ்சம் இருமல் இருக்கிறது, ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் கரண்டு இல்லை என்று எடுத்துக்கொள்.

நீ கேட்டதை யோசிக்கிறேன். ஞானதாஸ் ஐயா எப்படி இருக்கிறார்? இந்தக் குளிரிலும் டீக்குப் போகிறாரா? போன கடிதத்திலேயே கேட்டேன், நீ எழுதவில்லை.

அண்ணன்

•

சேலம்
27.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே சுகம். கம்பளியும் மருந்தும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அண்ணியிடம் நனைந்த விறகை எரிக்க வேண்டாம் என்று சொல், கேஸ் அடுப்பைப் பரணிலிருந்து இறக்கட்டும்.

வார்டில் எல்லோரும் இருக்கிறார்கள். குளிருக்கு யாரையும் வெளியே விடுவதில்லை.

யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? கூட்டத்தில் சொன்னாயா, இல்லையா? நீ எழுதுகிறதைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. எழுத்துக்கு மூச்சு வாங்காது, அண்ணா. வினோத் போனில் ஒரே ஒரு நிமிஷம் என்னோடு பேசு. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, திட்டு. உன் குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்குத்தான் நீ பேச மாட்டேன் என்கிறாய் என்றும் தெரியும்.

அழுகையோடு முடிக்கிறேன்,
செவ்வந்தி

•

வடக்குமேடு
12.1.2024

அன்புத் தங்கச்சிக்கு, நலம். பொங்கலுக்கு உனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்.

தை ஏழாம் தேதி முதல் கம்பு. சீட்டில் நமக்கு முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம் விழுந்திருக்கிறது. நீ வர வேண்டாம். மாமியாரைப் பார். தண்ணீருக்குள் உட்காருவதை நிறுத்திவிட்டேன். மூச்சு நன்றாக இருக்கிறது.

அண்ணன்

•

வடக்குமேடு
6.2.2024

அன்புள்ள அத்தைக்கு வினோத் எழுதுவது. அம்மா பக்கத்தில் இருக்கிறார்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் எழுதப்போவது உங்களைக் கலங்கவைக்கும். நைனா இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன்.

தை ஏழு அன்று காலையில் நைனா இறங்கினார். நான் படகில் இருந்தேன். கருப்பன் மாமாவும் மற்றவர்களும் பக்கத்துப் படகுகளில் இருந்தார்கள். நைனா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நெஞ்சைத் தாண்டியதும் அவர் தோள் ஏறி ஏறி இறங்கியது. "நைனா, வோணாம், ஏறிடு" என்று சொன்னேன். என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு முழுகிவிட்டார்.

கம்பு ஆடாமல் நின்றது. சேற்றை அணைத்துவிட்டார். ஆனால் அவர் வரவில்லை. கருப்பன் மாமாதான் முதலில் குதித்தார். தூக்கிப் படகில் போட்டபோது நைனாவின் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது. காற்றை இழுத்துக்கொண்டே இருந்தார், உள்ளே எதுவும் போகவில்லை. எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. முதுகை நிமிர்த்தி உட்காரவைத்துக் காதில் கத்தினேன். "நைனா, இழுக்காத. வுடு. அத்தை எழுதுனா மாதிரி ஊது, அடுப்பு ஊது." கரை வரைக்கும் அதையே சொன்னேன். அவரும் ஊதினார். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நைனா உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது வீட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. கரண்டு போனால் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இனி அவர் ஏரியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாடு வரிசையில் அவர் பெயர் நிற்கிறது.

கருப்பன் மாமா பார்க்க வந்தார். "இன்னா மாமா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா வைகாசி வரைக்கும் நாங்க பொறுத்துக்க மாட்டமா?" என்று கேட்டார். நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை.

இன்னொன்று. நைனா போன் ஏரியில் விழவில்லை, அத்தை. டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவர் சொல்லச் சொன்னதைத்தான் நான் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகன்,
வினோத்

•

வடக்குமேடு
25.2.2024

செவ்வந்திக்கு,

நலம் என்று எழுத மாட்டேன். நீ தினமும் வினோத்துக்கு அடிக்கிறாய், அவன் போனை என்னிடம் நீட்டுகிறான், நான் கையைத் தட்டிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. என் குரல் இப்போது எனக்கே பிடிக்கவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவ்வளவு தூரம். நீ கேட்டால் உனக்குச் சோறு இறங்காது.

கருப்பன் பொறுத்திருப்பானா? இப்போது சொல்கிறான். அப்போது சொல்லியிருப்பானா என்று தெரியவில்லை. நான் கேட்கவே இல்லையே. கேட்டு அவன் சரி என்று சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்க அவன் போட்ட பிச்சை என்று இருக்கும் என நினைத்தேன். இப்போது அவன்தான் என் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

ஞானதாஸ் ஐயா போய்விட்டார், இல்லையா? நவம்பரிலேயே எனக்குத் தோன்றியது. அதுவரை வரிக்கு வரி அவர் வந்தார். பிறகு, வார்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று எழுதினாய். நீ சொல்ல மாட்டாய் என்றுதான் பொங்கலுக்கு நான் கேட்கவில்லை. நீயும் என்னைப் போலத்தான். நைனா வளர்ப்பு.

பாடத்தைச் செய்கிறேன். நீ எழுதியது மட்டும். ஊர் முறை சேர்க்கவில்லை.

அண்ணன்

•

சேலம்
3.3.2024

என் அண்ணனுக்கு,

ஆமாம், போய்விட்டார். நீ தண்ணீருக்குள் மூச்சடக்குகிறேன் என்று எழுதிய கடிதம் வந்த அதே வாரம். சளி கட்டி, இரண்டு நாளில். யோகா அவரைச் சாவிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் கடைசி நாள் காலையிலும் படுக்கையில் உட்கார்ந்து ஆமென் என்று இழுத்து விட்டார், பயப்படாமல் இருந்தார். பயந்து மூச்சுக்குத் துடித்துப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். அவர் போனதைச் சொன்னால் நீ பாடத்தை விட்டுவிடுவாய் என்று பயந்தேன். நீ மறைத்தாய் என்று உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் உன் கடிதத்தைப் படித்ததும் என்மேலேயே திரும்பிவிட்டது.

மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் பங்குனி பிறந்ததும் வருகிறாள். அவள் வந்த அன்றே நான் பஸ் ஏறுவேன். கல்யாணம் முடியும்வரை உன் பக்கத்தில்தான் இருப்பேன். துரத்தினாலும் போக மாட்டேன். வைகாசியில் வினோத் மாலை போட்டுக்கொண்டு நிற்பதை நீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நின்று நின்று வா. வானத்தைப் பார்க்க வேண்டாம். மூச்சுக்குத்தான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு நில்.

அதுவரை எனக்கு ஒன்று செய். டிரங்குப் பெட்டியிலிருந்து போனை எடு. நாளைக்கு ஒரு நாள், அண்ணி அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் எனக்கு அடி. நான் ஹலோ சொல்ல மாட்டேன், எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். நீயும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். இழுக்கிற சத்தத்தைத்தானே நான் கேட்கக்கூடாது என்று இத்தனை மாசம் ஒளித்து வைத்தாய்? அது எனக்கு வேண்டாம். போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு, நான் எழுதின மாதிரி, மெதுவாக விடு. நீளமோ குட்டையோ, வருகிறது வரட்டும். முழுசாகக் கேட்டுவிட்டு, நான் போனை வைக்கிறேன்.

உன் தங்கச்சி,
செவ்வந்தி